அம்மாவுக்கா, பிள்ளைகளுக்கா? உயிலில் முட்டிக்கொள்ளும் இரண்டு வரிகள்

இராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் 4 ஏக்கர் மாந்தோப்பு. ஒரு கிணறு, ஒரு பம்புசெட். 2011-ல் உயில் எழுதிப் பதிவும் செய்த தகப்பனார், 2016-ல் காலமாகிவிட்டார். அவருக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். மகளுக்குக் கல்யாணத்தின்போதே நகையும் சீரும் கொடுத்தாகிவிட்டது என்று உயிலில் ஒரு வரி இருக்கிறது. தாயார் இளைய மகன் வீட்டில் இருக்கிறார்.

போன வருஷம், தோப்பு முழுவதையும் இளைய மகன் பெயருக்குத் தாயார் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். மாங்காய்க் குத்தகைக்காரர் முன்பணத்தைத் தம்பி கையில் கொடுத்தபோதுதான் அண்ணனுக்கு இது தெரியவந்தது. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. பூவுக்கு மருந்தடிக்கும் செலவு யாருடையது என்பதில் தொடங்கிய தகராறு, யாரும் காய் பறிக்கக் கூடாது என்பதில் வந்து நிற்கிறது.

அண்ணன்தான் இந்தப் பகுதிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். உயிலில் உள்ள வாசகங்களையும் அனுப்பியிருக்கிறார். இரண்டாவது பாராவில், “என் ஆயுளுக்குப் பின் மேற்படி சொத்தை என் மனைவி சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது” என்றிருக்கிறது. நாலாவது பாராவில், “என் மனைவியின் ஆயுளுக்குப் பின் என் இரு மகன்களும் சரிபாதியாய் அடைந்துகொண்டு, வருமானத்தில் தர்ம காரியங்கள் செய்து வரவேண்டியது” என்றிருக்கிறது.

அவர் கேட்பது மூன்று. தாயார் எழுதிய செட்டில்மென்ட் செல்லுமா? மகளுக்கு இதில் பங்கு உண்டா? தோப்பைத் துண்டு போடாமல் குடும்ப டிரஸ்ட்டாக மாற்ற முடியுமா?

கோர்ட் எதைப் பார்க்கும்?

உயிலுக்கு வக்கீல் பாஷை தேவையில்லை. எழுதியவரின் மனசு புரிந்தால் போதும் என்கிறது 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 74-வது பிரிவு. ஒரு பாராவின் பொருளை உயில் முழுவதையும் படித்துத்தான் எடுக்க வேண்டும் என்கிறது 82-வது பிரிவு. ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தாத இரண்டு வாசகங்கள் இருந்தால், கடைசியில் உள்ளது நிற்கும் என்கிறது 88-வது பிரிவு. சென்னை மாகாணத்திலிருந்து போன ஞானம்பாள் அம்மாள் எதிர் ராஜு ஐயர் வழக்கில், 1950-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. உயிலை முழுசாகப் படித்து, எழுதியவரின் எண்ணத்தை அந்த வார்த்தைகளிலிருந்தே கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் தலையாய விதி.

இந்த உயிலில் இரண்டு தரப்புக்கும் வாதம் இருக்கிறது.

தம்பி தரப்பு ‘சர்வ சுதந்திரமாய்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சொல் வந்துவிட்டால் முழு உரிமை அம்மாவுக்குப் போய்விட்டது. ஒருமுறை முழுசாகக் கொடுத்த சொத்தை அதே உயிலில் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது என்று சொல்லும். மௌலேஷ்வர் மணி எதிர் ஜகதீஷ் பிரசாத் வழக்கில் 2002-ல் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் தீர்ப்பளித்தது. தெளிவாக முழு உரிமை கொடுத்த பிறகு, அதற்கு முரணாக வரும் பிந்தைய ஏற்பாடு செல்லாது என்பது அதன் சாரம்.

அண்ணன் தரப்பு ‘ஆயுளுக்குப் பின்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளும். அம்மாவுக்கே முழுசாகக் கொடுப்பதாக இருந்தால் அப்பா நாலாவது பாராவை எழுதியிருக்கவே மாட்டார்; இரண்டையும் சேர்த்துப் படித்தால், அம்மா இருக்கும் வரை யாருடைய தலையீடும் இல்லாமல் அனுபவிக்கட்டும், பிறகு பிள்ளைகள் எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் பொருள் வரும் என்று சொல்லும். ‘விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது’ என்று ஒரு வரி இருந்திருந்தால் அண்ணன் கை ஓங்கியிருக்கும். இந்த உயிலில் அந்த வரி இல்லை.

முதல் வாதம் ஜெயித்தால் செட்டில்மென்ட் முழுசாகச் செல்லும். அண்ணனுக்கு எதுவும் இல்லை. இரண்டாவது வாதம் ஜெயித்தால், தாயார் தன் ஆயுள்கால உரிமையை மட்டும்தான் எழுதிக் கொடுக்க முடியும். தன்னிடம் இல்லாத உரிமையை யாரும் பத்திரம் போட்டுக் கொடுத்துவிட முடியாது. அவர் காலத்துக்குப் பிறகு பாதித் தோப்பு அண்ணனுக்கு வரும். ஆனால், அதற்கும் குறுக்கே ஒரு சட்டம் நிற்கிறது.

ஆயுள் உரிமை முழு உரிமையாக மாறுமா?

1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவில் இரண்டு உட்பிரிவுகள் இருக்கின்றன. இந்துப் பெண் ஒருவர் வைத்திருக்கும் சொத்து அவருக்கு முழு உரிமையானது என்கிறது முதல் உட்பிரிவு. உயில், தானம் போன்ற பத்திரமே ‘இவ்வளவுதான்’ என்று அளந்து கொடுத்திருந்தால், அந்த அளவுதான் உரிமை என்கிறது இரண்டாவது உட்பிரிவு. எது எப்போது பொருந்தும் என்பதில்தான் பல வருஷங்களாக வழக்கு நடக்கிறது.

தமிழ்நாட்டு வழக்கு ஒன்று. 1950-ல் ஒருவர் உயில் எழுதினார். மனைவியும், உறவுமுறைச் சகோதரரின் விதவையும் ஆயுள் வரை சொத்தை அனுபவிக்க வேண்டியது; பிறகு அது சுவாமிநாத சுவாமி திருக்கோயிலுக்குச் சேர வேண்டியது. பின்னாளில் அந்த மனைவி நிலத்தை விற்றார். விற்க அவருக்கு உரிமை இல்லை என்று கோயில் தரப்பு வழக்குப் போட்டது. மாசிலாமணி முதலியார் வழக்கு என்று அறியப்படும் அதில், 1996-ல் உச்ச நீதிமன்றம் வாங்கியவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கணவன் சொத்தில் ஜீவனாம்சம் பெறும் உரிமை மனைவிக்கு முன்பே உண்டு. அதற்காகவே சொத்து அவர் கைக்கு வந்தது. ஆகவே 1956-ம் வருஷச் சட்டம் வந்ததும் அது முழு உரிமையாகிவிட்டது என்பது காரணம்.

இதற்கு எதிர்த்திசையில் பஞ்சாப் வழக்கு ஒன்று. 1968-ல் எழுதிய உயிலில், கணவர் தன் சொத்தை மனைவிக்கு ஆயுள் வரை மட்டும் கொடுத்து, விற்கக் கூடாது என்று தடையும் போட்டு, பிறகு சகோதரர் மகன்களுக்கு என்று எழுதினார். மனைவி அதைக் குருத்வாராவுக்குத் தானமாக எழுதினார். சாது சிங் வழக்கு எனப்படும் இதில், 2006-ல் உச்ச நீதிமன்றம் தானம் செல்லாது என்றது. கணவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தை அளந்து கொடுத்தால் அந்த அளவோடுதான் உரிமை என்பது தீர்ப்பு. 2022-ல் ஜோகி ராம் வழக்கிலும் இதே வழியில்தான் தீர்ப்பு வந்தது.

இரண்டு வழியிலும் தீர்ப்புகள் குவிந்துவிட்டதால், 2024 டிசம்பரில் தேஜ் பான் எதிர் ராம் கிஷன் வழக்கில், இந்தக் கேள்வியைப் பெரிய அமர்வு தீர்மானிக்கட்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அனுப்பிவைத்தார்கள்.

இராஜபாளையம் உயில் 1956-க்கு வெகு காலம் பிந்தியது. அதில் ஜீவனாம்சம் என்ற பேச்சும் இல்லை. அந்த வகையில் சாது சிங் தீர்ப்பு அண்ணனுக்குத் துணை. விற்பனைக்குத் தடை எழுதாதது தம்பிக்குத் துணை. ‘நிச்சயம் ஜெயிக்கலாம்’ என்று இந்த வழக்கில் யாராவது சொன்னால் அதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

மகளுக்குப் பங்கு உண்டா?

இதற்குப் பதில் உயிலில் இல்லை, மூலப்பத்திரத்தில்தான் இருக்கிறது. தோப்பு தகப்பனார் சொந்தச் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கியதாக இருந்தால், அவர் விருப்பப்படி யாருக்கும் எழுதலாம். மகளை விட்டுவிட்டார் என்பதற்காக மட்டும் உயில் கெட்டுவிடாது.

பூர்வீகச் சொத்தாக இருந்தால் கதை வேறு. கூட்டுக் குடும்பச் சொத்தில் தன் பங்கை மட்டும்தான் அவர் உயில் எழுத முடியும். 2005 செப்டம்பர் 9-ல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி மகளும் பிறப்பாலேயே பங்குதாரர். கல்யாணத்துக்கு நகை போட்டது அந்தப் பங்கைக் கழிக்காது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்துவிட்டது. ஆகவே அண்ணனும் தம்பியும் மோதிக்கொள்வதற்கு முன், பாதிப் பாதி என்ற கணக்கே சரிதானா என்று பார்க்க வேண்டும்.

மகள் உயிலையே மறுத்தால், உயிலை நம்பி வாதாடுபவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பதிவு செய்திருப்பது மட்டும் போதாது. சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவராவது உயிருடன், சாட்சி சொல்லும் நிலையில் இருந்தால், அவர் கோர்ட்டுக்கு வந்து சொல்ல வேண்டும். இருவருமே இல்லையென்றால், எழுதியவரின் கையெழுத்தையும், ஒரு சாட்சியின் கையெழுத்தையாவது அடையாளம் காட்ட ஆள் வேண்டும்.

‘தர்ம காரியங்கள்’ என்றால் எது?

தகப்பனார் ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறவர்களுக்கு வருஷா வருஷம் நீர்மோர் கொடுத்து வந்தவராம். அதைத்தான் ‘தர்ம காரியங்கள்’ என்று எழுதியிருக்கிறார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கோர்ட்டுக்குத் தெரியாது. வெறுமனே ‘தர்மம்’ என்று எழுதிய உயில் ஏற்பாடு தெளிவில்லாதது, ஆகவே செல்லாது என்று 1899-லேயே லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. ‘ஆடிப்பூரத் தேர் அன்று நீர்மோர்ப் பந்தல்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் இந்தச் சந்தேகமே வந்திருக்காது.

குடும்ப டிரஸ்ட் போடலாமா?

போடலாம். ஆனால் முதலில் நிலம் யாருடையது என்று முடிவாக வேண்டும். உரிமை உள்ளவர்தான் டிரஸ்ட்டுக்கு எழுதிக் கொடுக்க முடியும். இப்போதைய நிலையில் அண்ணன் தனியாக டிரஸ்ட் பத்திரம் போட்டால் அது இன்னொரு வழக்குக்குத்தான் வழி.

குடும்பத்தாரின் நன்மைக்காக ஏற்படுத்தும் தனியார் டிரஸ்ட்டுக்கு 1882-ம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டம் பொருந்தும். நிலத்தை வைத்து டிரஸ்ட் என்றால் பதிவு செய்த பத்திரம் வேண்டும், அல்லது உயில் மூலம் ஏற்படுத்த வேண்டும். நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது செல்லாது. நோக்கம் என்ன, பயன் அடைபவர் யார் யார், எந்தச் சொத்து என்ற மூன்றும் சந்தேகமில்லாமல் இருக்க வேண்டும்.

தகராறு பெரும்பாலும் நிர்வாகத்தில்தான் வருகிறது. பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், டிரஸ்டிகள் எல்லோரும் சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும் என்பது சட்டம். அண்ணன் தம்பி இருவர் மட்டும் டிரஸ்டி என்றால், ஒருவர் முறைத்துக்கொண்ட அன்றே தோப்பு நின்றுவிடும். மூன்று பேராக வைத்து, பெரும்பான்மை முடிவு என்று எழுதுவது நல்லது. ஒருவர் இறந்தால் அடுத்தவர் யார், குத்தகைப் பணம் எந்த வங்கிக் கணக்கில் சேரும், கணக்கை எந்த மாதம் காட்ட வேண்டும் என்பதெல்லாம் பத்திரத்திலேயே இருக்க வேண்டும்.

‘தலைமுறை தலைமுறையாக விற்கக் கூடாது’ என்று எழுதும் ஆசை பலருக்கு உண்டு. தனியார் டிரஸ்ட்டில் அது நிற்காது. இப்போது உயிரோடு இருப்பவர்களின் ஆயுள், அதற்குப் பிறகு ஒரு வாரிசு மேஜராகும் வரையான காலம் என்பதைத் தாண்டிச் சொத்தைக் கட்டிவைக்கச் சட்டம் விடாது. பொதுத் தர்மத்துக்கு எழுதும் சொத்துக்கு இந்தக் காலக்கெடு இல்லை. ஆனால் அப்படி எழுதியதைப் பிறகு வீட்டுச் செலவுக்குத் திருப்பவும் முடியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிறுவனங்களின் பெயரில் இருக்கும் நிலத்துக்கு பிஎம் கிசான் உதவித்தொகை கிடையாது. பட்டாவை டிரஸ்ட் பெயருக்கு மாற்றுவதற்கு முன், வேளாண்மை அலுவலகத்திலும் மின்வாரிய அலுவலகத்திலும் அதனால் எது நிற்கும், எது தொடரும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். 4 ஏக்கர் தோப்புக்குத் தனி பான் எண், தனிக் கணக்கு என்பது சுமையாகத்தான் இருக்கும். நீர்மோர்ப் பந்தலுக்காக டிரஸ்ட்டே தேவையில்லை. நிலத்தைப் பிள்ளைகள் பெயரில் வைத்துக்கொண்டு, அதன் வருமானத்திலிருந்து ஆண்டுக்கு இவ்வளவு தொகை இந்தக் காரியத்துக்கு என்று நிலத்தின் மேல் ஒரு பொறுப்பாக எழுதினாலே போதும்.

இப்போது என்ன செய்வது?

முதலில் ஆவணங்களைச் சேர்க்க வேண்டும். உயில், வில்லங்கச் சான்றில் வராது. எழுதியவர் இறந்த பிறகு, இறப்புச் சான்றுடன் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்தால் பதிவான உயிலின் நகல் கிடைக்கும். மூலப்பத்திரம், செட்டில்மென்ட் நகல், பட்டா ஆகியவற்றோடு, சாட்சிகளின் இப்போதைய விலாசத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, நாளைத் தள்ளக் கூடாது. பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும் வழக்குக்கு, அதற்கான காரணம் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுதான் கெடு.

மூன்றாவது, வழக்குக்கு முன் பேச்சு. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. அங்குள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வழக்குப் போடாமலேயே சமரசத்துக்கு மனு கொடுக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. தாயாரும் மகளும் தனித்தனியாகவே யோசனை கேட்கலாம். தொலைபேசியில் கேட்க 15100. மக்கள் நீதிமன்றத்தில் ஏற்படும் சமரசம் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் அப்பீல் கிடையாது.

இந்தக் குடும்பத்துக்குப் பொருத்தமானது, பதிவு செய்த குடும்ப ஏற்பாட்டுப் பத்திரம்தான். குடும்பச் சண்டையைத் தீர்க்க நல்லெண்ணத்தோடு செய்துகொள்ளும் ஏற்பாட்டைக் கோர்ட் கூடுமான வரை காப்பாற்றும் என்று 1976-ல் காலே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தாயாருக்கு ஆயுள் வரை மாதம் இவ்வளவு, இருக்க இடம்; மகன்களுக்கு இன்ன இன்ன எல்லையில் இன்ன இன்ன பாகம்; மகளுக்கு உரிய பங்கு, அல்லது அதற்கு ஈடு; கிணறு பொது, தண்ணீருக்கு முறை நாள்; மின் இணைப்பு யார் பெயரில், பாதை எந்தப் பக்கம்; நீர்மோருக்கு ஆண்டுக்கு எவ்வளவு. இத்தனையும் எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்ய வேண்டும். தாயார் நல்ல நினைவோடு இருக்கும்போதே செய்ய வேண்டும்.

அப்பாவின் உயிலுக்கு அம்மா இப்போது விளக்கம் சொன்னாலும் அது சட்டப்படி உயிலாகாது. ஆனால் இந்தப் பத்திரத்தில் அவர் போடும் கையெழுத்துக்கு முழு மதிப்பு உண்டு. அதைத் தம்பியிடம் கேட்பதைவிட அம்மாவிடமே போய் அண்ணன் கேட்பது நல்லது.

உயில் எழுதப்போகிறவர்கள் கவனத்துக்கு

பத்திரம் எழுதுபவர் பழக்கத்தில் போடும் சொற்களுக்குச் சட்டத்தில் கனம் உண்டு. பொருள் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட வேண்டும்.

‘சர்வ சுதந்திர பாத்தியதையாய்’, ‘தானாதி விநியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய்’: விற்க, தானம் கொடுக்க, அடமானம் வைக்க எல்லா உரிமையும் உண்டு என்று பொருள்.

‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’: மகனும் பேரனும்தான் என்று அர்த்தமில்லை. வாரிசுகளுக்கு இறங்கும் முழு உரிமை. பெண்ணுக்கு எழுதினாலும் அப்படியே.

‘ஆயுள் வரை எவ்வித பராதீனமும் செய்யாமல் அனுபவித்து’: அனுபவிக்கலாம், விற்கக் கூடாது.

மனைவிக்கு முழு உரிமை என்றால் முதல் வகையோடு நிறுத்திவிட வேண்டும். அடுத்து யாருக்கு என்று எழுதக் கூடாது. ஆயுள் உரிமை மட்டும் என்றால், தடையையும் அடுத்து அடைபவரின் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும். இரண்டையும் ஒரே உயிலில் கலந்தால் இந்தத் தோப்பின் கதிதான். பயன் அடைபவரைச் சாட்சியாகப் போடாமல், தன்னைவிட வயதில் இளைய, உள்ளூரிலேயே இருக்கும் இருவரைச் சாட்சியாக வைக்க வேண்டும். எழுதி முடித்ததும் ஒருவரை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்கும்போதே ‘அப்படியானால் யாருக்கு?’ என்று ஒரு சந்தேகம் வந்தால், அந்த இடத்தை அன்றைக்கே திருத்திவிட வேண்டும். உயிரோடு இருக்கும் வரை உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.